பட்டனை அழுத்தியும் ஸ்டார்ட் ஆகாத வண்டி

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட மாதங்களில் நோட்டன் பிரிட்ஜ் டவுனில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே வண்டிகள் புறப்பட வேண்டியிருக்கும். ஹட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிறவர்கள், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்குகிறவர்கள் என எல்லோருக்கும் அவசரம். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு டொயோட்டா அக்வாவோ சுசுகி வேகன் ஆரோ பட்டனை அழுத்தினாலும் அசையாமல் நிற்கும். உடனே ஹட்டனில் உள்ள கராஜுக்கு ஒரு போன் போகும்.

“பாஸ், காலையில இருந்து வண்டி ஸ்டார்ட் எடுக்குதில்ல.”

“மீட்டர் லைட் வருதாண்ணே?”

“அதைப் பார்க்கலையே.”

பாதி நோய் இந்த உரையாடலிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எது எரிகிறது, எது எரியவில்லை என்பதைத்தான். அதைப் பார்க்காமல் சாவியை மாற்றி, பெட்டரியை மாற்றி, பிறகு கம்பியூட்டரையும் மாற்றிச் செலவழித்தவர்கள் மலையகத்தில் குறைவில்லை. கராஜ் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரருக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்கக்கூடாது. அளப்பதற்கு வேண்டியவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டோர்ச், கொஞ்சம் பொறுமை.

இப்போது இந்தப் பிரச்சினை கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஏறக்குறைய 5 ஆண்டுகள் இருந்த வண்டிகளையே ஓட்ட வேண்டியிருந்தது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த முதல் தலைமுறை அக்வா, மூன்றாம் தலைமுறை ப்ரியஸ், ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் போன்றவற்றில் பல இன்று 10 வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் சாவிகளுக்கும் வயர்களுக்கும் அதே வயதுதான். அதோடு மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு இது. நாட்டின் அதிக மழை, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல், விழுவது இந்தப் பக்கத்தில்தான். பழைய வயரும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இங்குள்ள மெக்கானிக்மாருக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்மார்ட் சாவி எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை விளங்கிவிட்டால் மீதி எல்லாம் இலகு. ஓட்டுநர் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியதும், வண்டிக்குள் இருக்கும் அண்டெனாக்கள் 125 முதல் 134 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலையில் ஒரு கேள்வியை அனுப்புகின்றன. இந்த அலை மிகக் கிட்டத்தில் மட்டுமே எட்டும். கதவுப் பிடியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான் சாவியை உணர முடிவது இதனால்தான். பொக்கெட்டில் இருக்கும் சாவி அந்தக் கேள்வியைக் கேட்டு விழித்து, வானொலி அலையில் தன் இரகசிய எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஜப்பானிய வண்டிகளில் அந்த அலை பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியது. ஐரோப்பிய வண்டிகளில் 433.92. எண் சரியாக இருந்தால் ஸ்டியரிங் பூட்டு விலகும், ரிலேக்கள் மூடும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அனுமதி கொடுக்கும். இந்த வேலைகளில் எது தடைப்பட்டாலும் ஓட்டுநருக்குத் தெரிவது ஒரே விஷயம்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஆகவே கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். வண்டி சாவியைக் காண்கிறதா? வண்டியில் போதுமான வோல்ட் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால், வண்டி ஏன் அனுமதி தர மறுக்கிறது?

சாவியிலிருந்து தொடங்குவோம். சாவிக்குள் இருப்பது 3 வோல்ட் நாணயப் பெட்டரி. அதன் பெயரிலேயே அளவு இருக்கிறது: சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சிஆர் 1632 என்றால் விட்டம் 16. ஹொண்டா, சுசுகி சாவிகளில் பெரும்பாலும் 2032 இருக்கும், மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் சாவிக்கு 1632 வேண்டும். சின்ன டவுன் கடைகளில் 2032 எளிதாகக் கிடைக்கும், 1632 எல்லா இடத்திலும் கிடைக்காது. ஹட்டன் போகும்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதை வண்டிக்குள் வைக்கக்கூடாது. கதவு திறக்காத நாளில் உள்ளே இருக்கும் பெட்டரியால் ஒரு பயனும் இல்லை.

இந்தச் சின்னப் பெட்டரி 1 முதல் 2 ஆண்டுகள் தாங்கும் என்று டொயோட்டா சொல்கிறது. அதற்கு முன்பே தீர்ந்துபோவதற்கு நம் ஊர் வீடுகளின் அமைப்பும் ஒரு காரணம். மலைச்சரிவில் இடம் குறைவு. வண்டி வாசல் சுவரை ஒட்டி நிற்கும், சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர்கூட இருக்காது. வண்டியும் சாவியும் ஒன்றையொன்று தேடி அடிக்கடி பேசிக்கொள்வதில் இரு பக்கப் பெட்டரியும் கரையும். சாவியைத் தொலைக்காட்சிக்கோ போன் சார்ஜருக்கோ பக்கத்தில் வைத்தாலும் இதே கதை, அலை இரைச்சலில் சாவி தூங்காது. வீட்டின் பின்னறைக்குச் சாவியை மாற்றினாலே போதும். பல டொயோட்டா சாவிகளில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் சாவியின் சிறு விளக்கு 4 முறை மின்னி, சாவி தூங்கிவிடும். அந்த நிலையில் கதவு தானாகத் திறக்காது. ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் சாவி மறுபடி விழித்துக்கொள்ளும்.

சாவிப் பெட்டரி முழுதாகச் செத்துவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவிக்குள் பெட்டரி வேண்டாத ஒரு சிறு சிப் இருக்கிறது. சாவியைப் பட்டனில் ஒட்டிப் பிடித்தால், அந்தச் சுருளிலிருந்தே சிப்புக்குச் சக்தி கிடைக்கும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்தபடி சாவியின் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொட வேண்டும். ஒரு பஸர் ஒலிக்கும், அதற்குப் பிறகு சில விநாடிகளுக்குள் பட்டனை அழுத்த வேண்டும். ஹொண்டாவில் ‘எச்’ எழுத்துள்ள பக்கம், சுசுகியில் பூட்டும் பட்டன் இருக்கும் முனை. கதவைத் திறக்க, சாவியின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டை நகர்த்தினால் உள்ளிருந்து உலோகச் சாவி வரும். ஓட்டுநர் பக்கக் கதவில் அதற்கு ஒரு துளை உண்டு. சில வண்டிகளில் அதன் மேல் ஒரு மூடி இருக்கும்.

இந்தத் தொடுதலே நல்லதொரு பரிசோதனையும்கூட. தொட்டதும் ஸ்டார்ட் ஆனால், குறை சாவிப் பெட்டரியில் அல்லது அலைத் தடங்கலில். தொட்டும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் சாவிப் பெட்டரியை மாற்றிப் பயனில்லை. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அலைத் தடங்கல் பற்றி நோட்டனில் ஒரு பேச்சு உண்டாவது இயல்பு. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வந்து விழும் விமலசுரேந்திர மின்நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1965இல் தொடங்கப்பட்டது, 50 மெகாவாட். டொயோட்டாவின் கையேட்டைத் திறந்தால், ஸ்மார்ட் சாவி சரியாக வேலை செய்யாமல் போகக்கூடிய இடங்களின் பட்டியலில் தொலைக்காட்சிக் கோபுரம், வானொலி நிலையம், விமான நிலையம் ஆகியவற்றோடு மின்நிலையமும் இருக்கிறது. அதனால் மின்நிலையத்தின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் மின்கம்பிகளில் ஓடுவது 50 ஹேர்ட்ஸ், சாவி பேசுவது 31 கோடி ஹேர்ட்ஸுக்கும் மேலே. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அருகே தீப்பொறிபோல் கசியும் இன்சுலேட்டரோ பலமான ஒலிபரப்புக் கருவியோ இருந்தால் குழப்பம் வரலாம், இல்லையென்று சொல்ல முடியாது. அதை அறிய ஒரு நேர்மையான வழி உண்டு. அதே இடத்தில் நேற்றுவரை வேலை செய்த சாவி இன்று வேலை செய்யவில்லையென்றால், மின்நிலையம் நேற்றும் அங்கேதான் இருந்தது. குறை சாவியில். இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து முயன்றாலும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போனோடு ஒட்டி ஒரே பொக்கெட்டில் கிடக்கும் சாவி, சில்லறைக் காசுக்கு நடுவே கிடக்கும் சாவி, இன்னொரு வண்டியின் ஸ்மார்ட் சாவியோடு கோத்த சாவி. நடைமுறையில் பெரும்பாலான ‘அலைத் தடங்கல்’ இவைதான்.

இனி வண்டியின் பெட்டரி. இங்கேதான் அதிகம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து உள்விளக்குகள் அணைந்த பிறகு, பெட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. விளக்கு மங்கலாக எரியும் வண்டியில் பட்டனை அழுத்தும்போது ‘டக டக டக’ என்று விடாமல் தட்டும் சத்தம் வந்தால், ரிலேயை மூடிப் பிடிக்கும் அளவுக்குக்கூட வோல்ட் இல்லை என்று பொருள். பெற்றோல் வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டர் 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரி தளர்ந்துவிட்டது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால், சந்தேகம் ஸ்டார்ட்டரிலும் ஏர்த் வயரிலும். விளக்குகள் பிரகாசமாக இருந்தும் சத்தமே இல்லையென்றால் பிரச்சினை சாவியில் அல்லது அனுமதியில்.

ஹைபிரிட் வண்டியில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. பெரிய பெட்டரி நல்லதாக இருக்கிறதே, பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகாமல் போகும் என்று கேட்பார்கள். ப்ரியஸின் பெரிய பெட்டரி 201.6 வோல்ட், அக்வாவினுடையது 144. எஞ்சினைச் சுற்றுவது அதுதான். ஆனால் அந்தப் பெரிய பெட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேயை மூடுவதும், கம்பியூட்டர்களை எழுப்புவதும் சிறிய 12 வோல்ட் பெட்டரியின் வேலை. அது செத்தால் பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும் ‘ரெடி’ விளக்கு வராது. அந்தச் சிறிய பெட்டரி எஞ்சினைச் சுற்றுவதில்லை என்பதால், தளர்வதை முன்கூட்டியே சத்தத்தால் அறிவிப்பதும் இல்லை. மாலையில் நன்றாக ஓடிய வண்டி காலையில் அப்படியே நின்றுவிடும்.

அது எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். ப்ரியஸில் டிக்கியின் வலப்பக்கம், அக்வாவில் பின் இருக்கையின் அடியில். ப்ரியஸின் டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. ஆகவே பெட்டரி செத்தால் பெட்டரியிடமே போக முடியாது. அதற்காகத்தான் பானெட்டுக்குள், பியூஸ் பெட்டியில், சிவப்பு மூடியின் கீழே ஒரு முனை வைத்திருக்கிறார்கள். ஜம்பர் வயரின் சிவப்பு அங்கே போக வேண்டும். பயணிகள் இருக்கும் இடத்துக்குள் வைக்கப்படும் இந்தப் பெட்டரிகளுக்கு வாயு வெளியேறும் குழாய் ஒன்று உண்டு. விலை குறைவென்று குழாய் பொருத்த முடியாத சாதாரணப் பெட்டரியை அங்கே வைக்கும் பழக்கம் மிக ஆபத்தானது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வண்டிக்குள்ளேயே தங்கும். ஐடில் ஸ்டொப் உள்ள வேகன் ஆர் போன்ற வண்டிகளுக்கும் கே-42, எம்-42 என்று அதற்கென்றே குறியிட்ட பெட்டரிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் சாதாரணமானதை வைத்தால் அடிக்கடி நின்று எழும் சுமையில் சீக்கிரம் போய்விடும்.

ஜம்பர் போடும் ஒழுங்கு: செத்த வண்டியின் பிளஸ், உதவும் வண்டியின் பிளஸ், உதவும் வண்டியின் மைனஸ், கடைசியாகச் செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பாகம். பெட்டரிக்குப் பக்கத்தில் கடைசி முனையைத் தொட்டால் தீப்பொறி அங்கே எழும். கழற்றும்போது இதே ஒழுங்கைப் பின்னோக்கிச் செய்ய வேண்டும். ஹைபிரிட் வண்டியில் சிவப்பும் கறுப்பும் மாறிப் பட்டால் பெரிய பியூஸோ கன்வெர்ட்டரோ போய்விடும், அந்தச் செலவு ஒரு பெட்டரியின் விலையில் முடியாது. ஹைபிரிட்டிலிருந்து லொறிக்கோ வேனுக்கோ கரண்ட் கொடுப்பதும் வேண்டாம், அதன் 12 வோல்ட் பகுதி ஸ்டார்ட்டர் சுமைக்காகச் செய்யப்படவில்லை. செம்மஞ்சள் நிற உறை போட்ட தடித்த வயர்களை யாரும் தொடக்கூடாது. ப்ரியஸில் 650 வோல்ட் வரை ஏற்றப்பட்ட மின்சாரம் ஓடும் வழி அது.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் மீட்டரை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. புதிய வண்டிகள் சில எரிபொருள் மிச்சத்துக்காகச் சுமை குறைந்த நேரத்தில் ஆல்டர்னேட்டரைத் தணித்துவிடும். ஆகவே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு அளப்பதே சரி. ஹைபிரிட்டில் ‘ரெடி’ விளக்கோடு, கியரைப் பி-யில் வைத்து, திறந்த வெளியில் ஒரு மணிநேரம் விட்டால் சிறிய பெட்டரி ஓரளவு தேறும். மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது. சத்தமில்லாமல் நிற்கும் வண்டியின் எஞ்சின் தானாக எழும், புகை உள்ளே நிரம்பும்.

நிற்கும் வண்டியும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கிறது. கடிகாரம், அலாரம், சாவியைத் தேடும் அண்டெனா எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஅம்பியர் வரை இழுப்பது சாதாரணம். 50 என்றே வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. 36 அம்பியர் மணிப் பெட்டரி ஒன்று 15 நாளில் பாதியாகும், 30 நாளில் காலி. 2022இல் பெற்றோல் இல்லாமல், கியூஆர் பங்கீட்டுக்கு முன்னும் பின்னும், வாரக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டிகள் ஸ்டார்ட் ஆகாமல் போனதற்குப் பின்னால் இருந்தது இந்தச் சின்னக் கணக்குதான். ஒருமுறை முழுதாகக் காலியான லெட் பெட்டரி பழைய பலத்துக்குத் திரும்புவதும் கிடையாது.

இரண்டு மூன்று நாளிலேயே பெட்டரி இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. கண்டுபிடிக்க, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்து, கழற்றிய வயருக்கும் பெட்டரி முனைக்கும் நடுவே சேர்க்க வேண்டும். சாவியைத் தூரத்தில் வைத்து, கதவுகளைப் பூட்டி அரைமணிநேரம் பொறுத்தால் கம்பியூட்டர்கள் தூங்கிவிடும். அதற்குப் பிறகும் 100 மில்லிஅம்பியருக்கு மேல் ஓடினால், பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எந்தப் பியூஸை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான். அநேகமாக அது பிறகு பொருத்திய டேஷ் கெமரா, அம்ப்ளிஃபையர், வண்ண எல்ஈடி. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவோ ஹெட்லைட்டைப் போடவோ கூடாது.

பியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்த பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பது மலைப்பாதையில் தீயை ஏற்றிக்கொண்டு போவது. அதே நிறப் பியூஸ் மறுபடி எரிந்தால் பெரிய பியூஸ் போடாமல் வயரைத் தேட வேண்டும்.

ஈரம் செய்யும் வேலை மெதுவானது. பெட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் உப்பு, மீட்டரில் 12.6 காட்டும் பெட்டரியைக்கூட வேலை செய்ய விடாது. முதலில் மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து உலர்த்தி, மாட்டும்போது பிளஸை முதலில் மாட்ட வேண்டும். ஏர்த் வயர் நல்லதா என்று அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஒருவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரின் இணைப்பில் துரு. புதுப் பெட்டரி வாங்கியும் தீராத பிரச்சினைகள் பல இந்த ஒரு வயரில் தீர்ந்திருக்கின்றன.

முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் நிழல் மரங்களின் இலை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வண்டிக்குள் இறங்கும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டிக்கு அது எமன். மாதம் ஒருமுறை கையால் அள்ளிப் போட்டால் போதும். கதவுப் பிடியில் தண்ணீர் கொட்டும்போது சாவி அருகில் இருந்தால் வண்டி தானாகப் பூட்டித் திறக்கலாம். வண்டி கழுவும்போது நடப்பதும் இதுவே, பழுது அல்ல. தேயிலை மலையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் எலியும் உண்டு. சூடான எஞ்சின் மேல் ஒதுங்கி வயரைக் கடிக்கும். ஹொண்டா இதற்கென்றே மிளகாயின் காரச் சத்தைப் பூசிய டேப் விற்கிறது. பானெட்டைத் திறந்தால் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பதும் பரிசோதனைதான்.

சாவியும் சரி, வோல்ட்டும் சரி, ஆனாலும் வண்டி மறுக்கிறது. இங்கே மலைச்சரிவு உள்ளே வருகிறது. சரிவில் நிறுத்தும்போது, வண்டி உருண்டால் திட்டில் முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் சக்கரம் திட்டில் முட்டிக்கொண்டு நின்றால், மின்சார ஸ்டியரிங் பூட்டின் மேல் சுமை ஏறி, அது விலகாது. பட்டன் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி பட்டனை அழுத்தினால் விடுபடும். கியர் பி-யில் இறுகிக்கொள்வதும் சரிவால்தான். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பி-க்கு மாற்ற வேண்டும்.

பிரேக் மிதியும் ஒரு காவல்காரன். எஞ்சின் ஓடாமல் பல தடவை மிதித்தால் மிதி கல்லாகிவிடும், ஆழமாக இறங்காததால் வண்டி அதை மிதித்ததாகவே எண்ணாது. பலமாக மிதிக்க வேண்டும். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்வது அடுத்த படி. எரியவில்லையென்றால் அந்தப் பியூஸோ மிதியின் சுவிட்சோ போயிருக்கும். சாவியைத் தொட்டும் பட்டன் அனுமதி தராத நிலைக்குப் பல டொயோட்டா பெற்றோல் வண்டிகளில் ஓர் அவசர வழி உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் பி-யில் இருக்க, பட்டனை ஒருமுறை அழுத்தி ஏசிசி நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக்கை மிதித்தபடி பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தன் வண்டிக்கு இது உண்டா என்பதைக் கையேட்டில் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பள்ளத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செல்ஃப் தளர்ந்த பழைய வேனை இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, காலையில் கல்லை எடுத்து இரண்டாம் கியரில் கிளட்சை விடுவது தோட்டத்து ஓட்டுநர்களின் பழைய கைவித்தை. கிளட்ச் உள்ள வண்டியில் அது வேலை செய்யும். ஒட்டோமெட்டிக், சிவிடி, ஹைபிரிட் எதிலும் வேலை செய்யாது. சக்கரம் எஞ்சினைச் சுற்ற வழியே இல்லை. வண்டி உருளத் தொடங்கியதும் பிரேக்கின் உதவிச் சக்தி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனக்கும், பூட்டிக்கொள்ளவும் கூடும். லக்ஷபான பக்கத்து வளைவுகளில் அதன் முடிவை யாரும் விவரிக்கத் தேவையில்லை. ஹைபிரிட்டின் முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போனாலும் மோட்டர் மின்சாரம் உண்டாக்கிப் பாகங்களைக் கெடுக்கும். முன்சக்கரத்தைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

திருகு சாவி வண்டி வைத்திருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. ஜெனரல் மோட்டர்ஸ் 2014இல் தன் சிறிய கார்கள் ஏறக்குறைய 26 இலட்சத்தைத் திரும்ப அழைத்தது. சாவி சுவிட்சின் பிடிப்புத் தளர்வாக இருந்ததால், சாவிக்கொத்தின் பாரத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி தானே பின்னுக்குத் திரும்பி எஞ்சின் நின்றது, காற்றுப் பையும் விரியவில்லை. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. தேய்ந்த சுவிட்சோடு ஓடும் பழைய டொல்ஃபின் வேனில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளைச் சாமிப் படம் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கினால் அதே நிலைதான். எஞ்சின் ஓடும்போது சாவியை மெல்ல அசைத்துப் பார்த்தால் விளக்குகள் மினுங்குமானால் சுவிட்சை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்தச் சோதனையைச் சமதரையில் நின்றபடி செய்ய வேண்டும்.

ஜப்பானிய வண்டிகள் பிரச்சினையைத் திரையில் எழுதியே காட்டும், ஆனால் ஜப்பானிய மொழியில். போனின் கெமராவை அதன் மேல் பிடித்து மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்தால் ‘சாவியைக் காணவில்லை’, ‘சாவிப் பெட்டரி குறைவு’, ‘பிரேக்கை மிதிக்கவும்’ என்று அர்த்தம் தெரிந்துவிடும். படம் எடுத்து வைத்தால் மெக்கானிக்குக்கும் அனுப்பலாம். ஸ்கேனர் மாட்டும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வோல்ட் விழுந்த வண்டியில் கம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ‘யூ’ எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகளைக் கும்பலாக எழுதி வைக்கும். அவற்றைப் பார்த்துக் கம்பியூட்டர் போய்விட்டதென்று முடிவு கட்டக்கூடாது. பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, குறியீடுகளை அழித்து, வண்டியை ஓட்டி, மறுபடி படிக்க வேண்டும். திரும்பி வருவதுதான் உண்மையான பழுது.

கராஜை அழைக்கும்போது இவ்வளவையும் சொல்ல முடிந்தால் வரும் மெக்கானிக் சரியான சாமானோடு ஏறி வருவார்: காலையில் அளந்த வோல்ட், மீட்டர் விளக்குகள் வந்தனவா, பிரேக் லைட் எரிந்ததா, சாவியைத் தொட்டு முயன்றபோது பஸர் கேட்டதா, வண்டி மேட்டில் நிற்கிறதா சமத்தில் நிற்கிறதா. ஒரே ஒரு சாவியோடு வாங்கிய ரீகண்டிஷன் வண்டிக்கு இரண்டாவது சாவியை இப்போதே செய்துகொள்ள வேண்டும். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவது சிறு வேலை. எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு இம்மொபிலைசரையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கும், அதற்குரிய கருவியும் ஆளும் மலைக்கு வர வேண்டும் அல்லது வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.